பெரிய தாத்தா ஏன் தப்பிக்கவில்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

1972இல் பாகிஸ்தானின் ராவல்பிண்டி போர்க்கைதி முகாமிலிருந்து தப்பிய மூன்று இந்திய விமானிகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை என் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்பதாவது படிக்கிறான். முழுக்கக் கேட்டுவிட்டு, "நம்ம பெரிய தாத்தா ஏன் தப்பிக்கல?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

என் தாத்தா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். 1942இல் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டார். ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவத்தில்) சேரவில்லை. கப்பலில் ஏற்றி நியூகினித் தீவுக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பி, கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனார். முகாமைப் பற்றி வீட்டில் வாயே திறக்கமாட்டார். ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதம்: வெள்ளையாகத் தீட்டிய அரிசியைத் தொடமாட்டார், தவிடு ஒட்டிய அரிசிதான் வேண்டும். காரணம் யாருக்கும் தெரியாது. தப்பிப்பது போர்க்கைதியின் கடமை என்று எங்கோ படித்திருக்கிறேன். அப்படியென்றால் தாத்தா கடமை தவறியவரா?

எம்., அருவங்காடு

அன்புள்ள எம்.,

முதலில் அந்தக் 'கடமை'யை முடித்துவிடுவோம். அது சில ராணுவங்கள், முக்கியமாகத் தம் அதிகாரிகளிடம், எதிர்பார்த்த மரபு. போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஜெனீவா ஒப்பந்தம் யாரையும் தப்பிக்கச் சொல்லவில்லை. தப்ப முயன்று மாட்டினால் அதிகபட்சம் 30 நாள் ஒழுங்கு நடவடிக்கைதான் என்று பிடித்தவன் கையைக் கட்டுகிறது, அவ்வளவே. 1929 ஒப்பந்தத்திலும் அது உண்டு, 1949இலும் உண்டு. ஜப்பான் 1929 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது, ஆனால் ஏற்று உறுதி செய்யவில்லை. அதன் பலன் சிங்கப்பூரில் தெரிந்தது. 1942 செப்டம்பரில், தப்பிப் பிடிபட்ட இரண்டு ஆஸ்திரேலியர்களையும் இரண்டு பிரிட்டிஷ்காரர்களையும் சுட்டுக் கொன்றார்கள். தப்பமாட்டோம் என்று எழுதிக்கொடுக்க மறுத்த ஆயிரக்கணக்கான கைதிகளை செலராங் பாசறை மைதானத்தில் அடைத்துப் போட்டார்கள். நோய் பரவவே அவர்கள் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. உங்கள் தாத்தா பிடிபட்ட அதே ஊர், அதே வருடம்.

சரி, ராவல்பிண்டி. பருல்கர், கிரேவால், ஹரீஷ் சின்ஹ்ஜி மூவரும் சுவரைக் குடைந்தது, ஊசியைக் காந்தமாக்கித் திசைகாட்டி செய்தது எல்லாம் கேட்கச் சுவாரசியம்தான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, சுவரைத் தாண்டிய அடுத்த நிமிடம் அவர்களால் பஸ் ஏற முடிந்தது என்பது. முகாமில் கிடைத்த படிக்காசைச் சேர்த்து வைத்திருந்தார்கள். பேசும் மொழி அங்கே புரியும். முகத்தைப் பார்த்து அந்நியர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பெஷாவர் போய், கைபர் கணவாயில் லண்டி கோட்டல் வரை போய்விட்டார்கள். ஆப்கான் எல்லை அங்கிருந்து சில மைல்தான். அங்கே லண்டி கானாவுக்கு வழி கேட்டது வினையாகிவிட்டது. அந்த ரயில் நிலையம் 1932லேயே மூடப்பட்டுவிட்டது. இல்லாத ஸ்டேஷனைக் கேட்கிறவன் யார் என்று ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம் வந்தது, பிடிபட்டார்கள். அந்த டிசம்பர் 1ஆம் தேதி மற்றக் கைதிகளோடு ஊர் திரும்பினார்கள். இவ்வளவு தோதான நிலத்திலேயே கதை இப்படி முடிந்தது.

உங்கள் மகனுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. கேத்தியைக் காட்டுங்கள். 1901-02இல் தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்களை (அங்கே குடியேறிய டச்சு வம்சாவளி வெள்ளையர்களை) பிரிட்டிஷார் கேத்தியிலும் வெலிங்டனிலும் வைத்திருந்தார்கள். யோசித்துப் பார்த்தால் விசித்திரமான சிறை. ஊட்டியிலும் குன்னூரிலும் வெள்ளைக்காரர் நடமாட்டம் சர்வசாதாரணம், ஒரு போயர் நடந்து போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். குன்னூர் வரை ரயில் வந்துவிட்ட காலம். பர்லியார் வழியாக இறங்கினால் மேட்டுப்பாளையம். அப்புறம்? தென்னாப்பிரிக்காவில் அவர் ஊரான டிரான்ஸ்வாலுக்கும் அவருக்கும் நடுவே இந்தியப் பெருங்கடல். இந்தப் பக்கத்துப் பெரிய துறைமுகமெல்லாம் பிரிட்டிஷார் கையில். இங்கே முள்கம்பிக்கு அதிக வேலை இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அதே போயர்களில் ஐந்து பேர் 1901 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்தில் கைதிக் கப்பலிலிருந்து கடலில் குதித்து நீந்தி, அங்கே நின்ற ஒரு ரஷ்யக் கப்பலில் ஏறிக்கொண்டார்கள். ரஷ்யா போய், ஐரோப்பா வழியாகச் சுற்றி ஆப்பிரிக்கா திரும்பி, மறுபடி போரில் சேர்ந்துகொண்டார்கள். கேத்தியில் இருந்தவர்கள் இவர்களைவிடக் கோழைகளா? கேத்திப் பள்ளத்தாக்கில் ரஷ்யக் கப்பல் வந்து நிற்காது.

நம்மவர் கதைகளிலும் இதே கணக்குதான். பின்னாளில் தரைப்படைத் தளபதியான பி. பி. குமாரமங்கலம் 1942 மே மாதம் லிபியாவில் பிடிபட்டவர். இத்தாலி முகாமிலிருந்து தப்பினார், மறுபடி மாட்டினார், ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார். பிரான்ஸில் எபினால் முகாம் மேல் 1944 மே 11 அன்று அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டபோது உள்ளே இருந்த இந்தியக் கைதிகள் பலர் செத்தார்கள். பிழைத்தவர்கள் உடைந்த மதில் வழியே வெளியேறினார்கள். சுமார் 500 பேர் சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்கள். பிரெஞ்சு தெரியாத, தோலிலேயே அடையாளம் தெரிகிற சிப்பாய்கள்! வழியில் இருந்த பிரெஞ்சுக் கிராமத்தார் சோறும் படுக்க இடமும் கொடுத்து வழி காட்டினார்கள். எல்லை எட்டும் தூரத்தில் இருந்தது.

உங்கள் தாத்தாவுக்கு மலாயாவில் இருந்தவரை ஒரு வாய்ப்பு இருந்திருக்கலாம். ரப்பர் தோட்டங்களில் தமிழர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், ஒருவராகக் கலந்துவிடலாம். ஆனால் அந்தத் தோட்டத் தமிழர்களையே பல்லாயிரக்கணக்கில் ஜப்பானியர் தாங்கள் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நியூகினியில் அதுவும் கிடையாது. காடு, சதுப்பு, மலேரியா, அந்தப் பக்கம் கடல். மருந்தும் இல்லை. ஜமேதார் சிந்த் சிங் என்ற இந்தியக் கைதி அங்கே பிழைத்தார். 1945 செப்டம்பரில் ஆஸ்திரேலியர்கள் மீட்டபோது அவரோடு 10 பேர் இருந்தார்கள். அந்த 10 பேரும் ஊர் திரும்பும் வழியில் விமான விபத்தில் இறந்தார்கள். போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொல்வதற்காகப் பின்தங்கிய அவர் மட்டும் மிஞ்சினார்.

அந்த அரிசி விஷயத்துக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். ஜப்பானிய முகாம்களில் கொடுத்தது பெரும்பாலும் தீட்டிய அரிசி, அதுவும் அரைவயிற்றுக்கு. தவிட்டோடு பி1 விட்டமின் போய்விடும். அது இல்லாமல் சில வாரம், சில மாதம் ஓடினால் பெரிபெரி. கால் வீங்கும் அல்லது மரத்துப்போகும், கடைசியில் இதயம் நிற்கும். தவிடு கிடைத்த கைதிகள் அதை மருந்தாகவே தின்றார்கள். சிங்கப்பூர் சாங்கியில் புல்லை அரைத்துச் சாறு எடுத்துக் குடித்தார்கள். தப்ப முயன்றவன் கதையை நாம் நாவலாகப் படிக்கிறோம். தினமும் காலில் விரலை அழுத்தி, பள்ளம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்தவன் கதையை யாரும் கேட்பதில்லை. எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. உங்கள் மகன் ஒத்துக்கொள்ளமாட்டான், ஒன்பதாவது படிக்கிற வயதில் நானும் ஒத்துக்கொண்டிருக்கமாட்டேன்.

ஐ.என்.ஏ.வில் ஏன் சேரவில்லை என்பதற்கு நான் ஊகம் சொல்லமாட்டேன். சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் ஆளாளுக்குக் காரணம் இருந்தது. அவர் சொல்லாததை நாம் எழுதிச் சேர்க்க வேண்டாம்.

ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறதா என்று டிரங்குப் பெட்டியில் தேடுங்கள். அதில் படை எண் இருக்கும். லாரி ஓட்டியவர் என்றால் பெரும்பாலும் அன்றைய ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். அந்தப் படைப்பிரிவின் தெற்கு ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் பெங்களூரில் இருக்கிறது. எண்ணைக் குறிப்பிட்டு அங்கே எழுதுங்கள், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் வழி சொல்வார்கள். கடிதத்தை உங்கள் மகனையே எழுதச் சொல்லுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்.