ஒரே ஒரு நாள் லீவில் நாலு வயதுக் குழந்தையை எங்கே கூட்டிப் போகலாம்?

இந்தத் தளத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட உங்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லீவாம். நாலு வயதுப் பிள்ளையோடு அந்த நாளை நிம்மதியாகக் கழிக்க வேண்டுமாம். இந்நேரம் போனில் ஏழெட்டு இடங்களைக் குறித்து வைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் குறித்து வைத்திருந்தேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன், இல்லாவிட்டால் இந்தத் தளத்தில் படிப்பதோடு சரி.

ஒரு இடம் போதும். அதுவும் பக்கத்தில் இருக்கிற இடமாகப் பாருங்கள். என் பதில் அவ்வளவுதான், மீதி என் கதை.

மண்டபம் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். போன மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஐஸ் எதற்கு? கையில் நேரம் இருந்தது, காசு இல்லை. மகளுக்கும் பள்ளி விடுமுறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பைக்கில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பாம்பன் பாலம், தனுஷ்கோடி, அதைத் தாண்டித் தரை முடிகிற அரிச்சல்முனை, திரும்பும்போது ராமேஸ்வரம் கோயில். ஒரே நாளில் எல்லாம்.

பாம்பனில் புது ரயில் பாலம் மேலே தூக்குவதைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். 2025 ஏப்ரலில் திறந்த பாலம், நடுத்துண்டு மட்டும் அப்படியே செங்குத்தாக மேலே போகும். ஆனால் அது கப்பல் வந்தால்தான் தூக்கும். நம் பிள்ளைக்காக யார் கப்பல் விடுவார்கள்? ரயில் ஒன்று வந்தது. அந்த நேரம் பார்த்து என் தோளில் தூங்கிவிட்டாள்.

அரிச்சல்முனையில் ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது. உச்சி வெயில், ஒரே கூட்டம். சரி, கதையாவது சொல்வோம் என்று, எங்கள் அப்பத்தா எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். 1964 டிசம்பரில் புயல் வந்தது, ராத்திரியில் தனுஷ்கோடியை ரயிலோடு கடல் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று. நாலு வயதுப் பிள்ளையிடம் சொல்கிற கதையா அது? என் புத்தி. "ரயில்ல பாப்பா இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி கடல் சத்தம் கேட்கிறது என்று என் பனியனைப் பிடித்துக்கொண்டே கிடந்தாள். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இரண்டு கிலோமீட்டர்.

அப்புறம் ஆடியில் ஒரு நாள். படகுகள் திங்கள், புதன், சனி போகும். அதற்கு முன்பே ஐஸ் உறைந்து தயாராக இருக்க வேண்டும். அதனால் ஞாயிறு எங்களுக்கு லீவே கிடையாது, வியாழன்தான் ஒழியும். வியாழன் என்றால் அவளுக்குப் பள்ளிக்கூடம். மட்டம் போட வைத்தேன். கருத்துப் பெட்டியில் வந்து "படிப்பு முக்கியம் இல்லையா" என்று கேட்பீர்கள், தெரியும். ஐயா, அது எல்கேஜி. ஒரு நாள் 'ஆ'வன்னா எழுதாவிட்டால் கலெக்டர் வேலை கைநழுவாது.

வீட்டுக்காரம்மா வேலைக்குப் போய்விட்டார். புளிச்சோறு, வறுத்த நெத்திலிக் கருவாடு, இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு பழைய வேட்டி. உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை. பூங்கா, கடை இருக்கிற பக்கம் நிற்காமல் சவுக்குத் தோப்போரமாகத் தள்ளிப் போய் வேட்டியை விரித்தேன். அது கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கிற காலம். அந்தக் காற்றுக்கு மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடல் பொங்கும், அரியமான் இருக்கிற வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று திரும்பினால் கதை மாறிவிடும், வடகடல் முரடாகும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதை யாரிடமும் விசாரிக்காமல் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கிவிடுகிறார்கள்.

வத்தை என்கிற சின்னப் படகு ஒன்றின் நிழலில் பெரியவர் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். பாப்பா அவர் எதிரே குத்த வைத்தாள். அவர் ஊசியைக் கண்ணிக்குள் விட்டு இழுக்கும்போதெல்லாம் இவள் வாயும் கூடவே கோணியது. பத்து நிமிஷம் இருக்கும், இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு அவர்தான், "ஆத்தா, அந்த மிதவையை எடு" என்றார். எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு என்னை மறந்தே போனாள்.

அடுத்தது நண்டு வளை. உள்ளே இருந்து மணலை ஒரு கவளம் அள்ளி வந்து வாசலில் வீசிவிட்டு, கண் இரண்டையும் குச்சி மாதிரி நிமிர்த்திப் பார்க்கும். இவள் அசைந்தால் உள்ளே ஓடிவிடும். பாட்டில் மூடியில் தண்ணீர் மொண்டு வந்து வளைக்குள் ஊற்றினாள், "குடிச்சிக்க" என்று. கடலுக்கும் வளைக்கும் எத்தனை நடை என்று எண்ணப் பார்த்தேன், முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியிலிருந்து போன் வந்தது. கம்ப்ரஸரில் ஏதோ சத்தமாம். முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினேன், ஒன்றரை நிமிஷம்கூட இருக்காது. திரும்பினால் வளையருகே ஆள் இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று மூடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆழம் இல்லாத இடம்தான். அலையும் இல்லை. ஆனாலும் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன், கை நடுங்கியது. திட்ட வேண்டும் என்றால் இதற்குத் திட்டுங்கள், எல்கேஜிக்கு வேண்டாம்.

போன் என்றதும் இன்னொன்று. "உனக்கென்னப்பா, ஐஸ் கம்பெனி, குளுகுளுன்னு வேலை" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். குளுகுளு எல்லாம் தொட்டிக்குள்ளே, உப்புத் தண்ணீரில் முங்கிக் கிடக்கிற, ஐஸ் உறைகிற தகர டின்னுக்குத்தான். நான் நிற்பது மெஷின் பக்கத்தில். வெக்கை, காது அடைக்கிற சத்தம், மூக்கை அரிக்கிற அமோனியா. வீட்டுக்கு வந்ததும் "அப்பா சட்டை மூக்கைக் குத்துது" என்று பாப்பா தள்ளி நிற்பாள். ஒரு நாள் ராத்திரி ஷிப்டுக்கு வந்து நின்று பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சாப்பிட்டுவிட்டு என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். சவுக்கு மரம் உஸ் உஸ் என்று இரைந்துகொண்டே இருந்தது. கால் மரத்துப் போய் ஊசி குத்தியது, ஆனாலும் நகரவில்லை. காதோரம் காய்ந்த உப்பு வெள்ளையாகத் தெரிந்தது. நான் ஷிப்ட் முடிந்து வரும்போது அவள் தூங்கியிருப்பாள், இல்லை நான் தூங்கிவிடுவேன். அவ்வளவு நேரம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்ததே இல்லை.

சாயங்காலம் வீட்டில் நுழைந்ததும் அத்தை, "பொட்டப்பிள்ளைய இப்படிக் கருக்க விட்டு வந்திருக்கீகளே மாப்ள" என்று ஆரம்பித்தார்கள். செலவு என்று பார்த்தால் பெட்ரோலும் வழியில் வாங்கிய ஒரு டீயும்தான். அதைச் சொன்னால் கஞ்சன் என்பீர்கள், சரி, இருந்துவிட்டுப் போகிறேன்.

நீங்கள் அரியமான் பக்கம் வருவதாக இருந்தால் ஞாயிறு வேண்டாம். தோப்புக்குள் பிள்ளையின் செருப்பைக் கழற்றாதீர்கள். நான் வேட்டி விரிக்கும் முன் பொறுக்கிய பீர் பாட்டில் சில்லே ஒரு கேரிபேக் நிறைய இருந்தது.