நார்வேஜிய மொழியில் பெயர்ச்சொற்கள் விகுதி ஏற்று எவ்வாறு அசைகளாகப் பிரிகின்றன?

விகுதி என்பது சொல்லின் இறுதியில் சேர்ந்து அதன் பொருளை மாற்றும் சிறு உறுப்பு. நார்வேஜிய மொழியில் 'ஹூஸ்' என்றால் வீடு. குறிப்பிட்ட அந்த வீட்டைச் சுட்ட, சொல்லின் இறுதியிலேயே 'எத்' என்னும் விகுதியைச் சேர்த்து 'ஹூஸெத்' என்பார்கள். நார்வேஜிய மொழியின் மூதாதையான பழைய நோர்ஸ் மொழியில் பெயருக்குப் பின்னால் நின்ற சுட்டுச்சொல் நாளடைவில் அதனோடு ஒட்டிப்போனதே இதற்குக் காரணம். இறுதித் 'த்' எழுத்தில் உண்டு, பேச்சில் ஒலிக்காது. ஆகவே காதில் விழுவது 'ஹூ-ஸெ' என்னும் இரண்டு அசைகள். உயிரொலியில் தொடங்கும் விகுதி, முன்னுள்ள மெய்யைத் தன் அசைக்குள் இழுத்துக்கொள்கிறது. நாம் 'பால்' என்பதோடு 'ஐ' சேர்த்து 'பா-லை' என்பதும் இப்படித்தான். மாறாக, நண்பரைக் குறிக்கும் 'வென்' என்பதோடு 'ஸ்காப்' சேர்ந்து நட்பு என்றாகும்போது, விகுதி மெய்யில் தொடங்குவதால் தனி அசையாகவே நிற்கிறது. சொல்லுக்கு முன்னால் தனியாக வரும் 'எத்', பின்னால் ஒட்டி வரும் 'எத்' இரண்டும் ஒன்றே என எண்ணிவிடக் கூடாது. 'எத் ஹூஸ்' என்பது ஏதோ ஒரு வீடு, பின்னொட்டிய 'ஹூஸெத்' என்னும் வடிவமே அந்த வீடு.