ரூட்டர்: கைக்கும் டேபிளுக்கும் ஒன்றே போதுமா?

கேள்வி: மரத்தில் விளிம்பும் காடியும் (நீளப் பள்ளம்) வெட்டும் கருவியான ரூட்டரில், சிறிய வகையான டிரிம்மரை வைத்துத்தான் இதுவரை விளிம்பு வேலை எல்லாம் செய்து வருகிறேன். இனி அலமாரிக் கதவு, பேனல், பெட்டி என்று போக ஆசை. ரூட்டர் டேபிள் ஒன்றும் அமைக்கப்போகிறேன். கையில் பிடித்தும், டேபிளில் தலைகீழாக மாட்டியும் ஓட்ட ஒரே ரூட்டர் சரிப்படுமா? எத்தனை வாட்?

பதில்: சரிப்படும். ஆனால் வாட்டைக் கடைசியில் பாருங்கள். முதலில் கோலெட் (வெட்டும் பிட்டைக் கவ்வும் பிடி), அடுத்து பேஸ் (மோட்டாரைத் தாங்கும் அடிப்பகுதி), அதன் பிறகு உயரம் மாற்றும் வசதி.

டிரிம்மரில் கால் அங்குலம் அல்லது 6 மி.மீ. ஷாங்க் (பிட்டின் தண்டு) உள்ள பிட்தான் ஏறும். கதவுச் சட்டம், பேனல் விளிம்பு போன்ற வேலைகளுக்கான பெரிய பிட்கள் பெரும்பாலும் அரை அங்குல ஷாங்கில்தான் வருகின்றன. அதற்குக் காரணம் உண்டு. ஷாங்கின் விட்டம் இரு மடங்கானால் வளையாமல் நிற்கும் திறன் 16 மடங்காகிறது. பிட் அதிரவில்லை என்றால் வெட்டிய முகத்தில் அலை விழாது. எனவே அரை அங்குலக் கோலெட் உள்ளதையே எடுங்கள். சிறிய பிட்களுக்குக் கால் அங்குலக் கோலெட் தனியாகக் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். அரை அங்குலக் கோலெட்டுக்குள் செருகும் குழலும் வேலை செய்யும். தனிக் கோலெட் அதைவிட நேராகப் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ.; அரை அங்குலம் 12.7 மி.மீ. 6 மி.மீ. ஷாங்க் பிட்டைக் கால் அங்குலக் கோலெட்டிலோ, 12 மி.மீ. ஷாங்க் பிட்டை அரை அங்குலக் கோலெட்டிலோ போடவே கூடாது. இறுக்கியது போலத் தோன்றும், ஓடும்போது வெளியே வந்துவிடும்.

அடுத்தது பேஸ். ஒரே மோட்டாருக்கு பிக்சட் பேஸ் (உயரத்தைப் பூட்டி ஓட்டுவது), பிளஞ்ச் பேஸ் (ஓடும்போதே பிட்டை மரத்துக்குள் அழுத்தி இறக்குவது) என இரண்டும் சேர்ந்து வரும் செட்டே உங்கள் தேவைக்கு எங்கள் முதல் தேர்வு. பிக்சட் பேஸை டேபிளின் அடியில் நிரந்தரமாகத் திருகிவிடலாம். கை வேலை வரும்போது மோட்டாரை மட்டும் கழற்றி பிளஞ்ச் பேஸில் மாட்டினால் போதும். மரத்தின் நடுவே காடி இறக்க பிளஞ்ச் இல்லாமல் முடியாது.

பிளஞ்ச் ரூட்டரையே டேபிளில் மாட்டுபவர்களும் உண்டு. தலைகீழாக்கியதும் பிட்டை மேலே ஏற்ற, மோட்டாரின் எடையையும் ஸ்பிரிங்கின் தள்ளலையும் சேர்த்து எதிர்த்துத் தூக்க வேண்டியிருக்கும். ஸ்பிரிங்கை விலக்கும் வசதியும், உயரத்தைச் சிறிது சிறிதாக மாற்றும் நுண்திருகும் இருந்தால் மட்டும் அந்த வழிக்குப் போங்கள்.

வாங்குமுன் மூன்றைச் சோதியுங்கள். டேபிளின் மேலிருந்தே சாவி விட்டு உயரம் மாற்ற முடிகிறதா? முழுதாக ஏற்றினால் கோலெட் நட் டேபிள் மட்டத்துக்கு மேல் வருகிறதா? வராவிட்டால் ஒவ்வொரு பிட் மாற்றத்துக்கும் மோட்டாரைக் கழற்ற வேண்டும். சுவிட்ச் கை எடுத்தாலும் ஓடும்படி நிற்கிறதா? மின்சாரம் போய்த் திரும்பினால் தானாக ஓடாத பாதுகாப்பு சில ரூட்டர்களில் இருக்கும். நல்ல பாதுகாப்புதான், ஆனால் அப்படிப்பட்டதை டேபிளில் உள்ள தனி சுவிட்சால் தொடக்க முடியாது.

இப்போது வாட்: 1,400 முதல் 1,700 வரை உள்ளது இரண்டு வேலைக்கும் ஏற்றது. 2,000-க்கு மேற்பட்டவை டேபிளுக்கு அருமை. கையில் பிடித்து மெல்லிய பலகையின் ஓரத்தில் ஓட்டினால் எடையே ஒரு பக்கம் சாய்த்துவிடும். டிரிம்மரை விற்றுவிடாதீர்கள், லேமினேட் ஓரத்துக்கு அதுவே இன்னமும் நல்லது.

கேள்வி: வேகம் மாற்றும் வசதி அவசியமா?

பதில்: டேபிளுக்கு அவசியமேதான். 12 மி.மீ. விட்டமுள்ள பிட் நிமிடத்துக்கு 24,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு சுமார் 15 மீட்டர் போகிறது. 80 மி.மீ. பேனல் பிட்டை அதே சுற்றில் விட்டால் நொடிக்கு 100 மீட்டர். அது ஆபத்து. 10,000-க்கு இறக்கினால் 42 ஆகிவிடும். 25 மி.மீ. வரை முழு வேகம், 50 வரை 18,000, 65 வரை 15,000, அதற்கு மேல் 10,000 முதல் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிட்டின் மேல் உச்ச வேகம் அச்சிட்டிருந்தால் அதுவே முடிவு. 50 மி.மீ.-ஐத் தாண்டிய பிட்டைக் கையில் பிடித்து ஓட்டாதீர்கள்.

கேள்வி: டேபிளில் காடி வெட்டும்போது போகப்போக ஆழம் மாறுகிறது. உயரத்தைப் பூட்டித்தான் வைக்கிறேன். ஏன்?

பதில்: பூட்டு இறுகியிருந்தால், பிட் கோலெட்டுக்குள் நழுவுகிறது என்று பொருள். கோலெட்டைக் கழற்றி, பிளவுகளில் படிந்த பிசினையும் தூளையும் பித்தளை பிரஷால் எடுங்கள். ஷாங்கையும் துடையுங்கள். எண்ணெய் தடவ வேண்டாம், பிடிப்பே போய்விடும். பிட்டை அடிவரை இறக்கி, 2–3 மி.மீ. மேலே தூக்கி, பிறகு இறுக்குங்கள். அடியில் முட்டி நின்றால் கோலெட் கீழே இறங்கி ஷாங்கைக் கவ்வ இடமிருக்காது. குறைந்தது 20 மி.மீ. ஷாங்க் உள்ளே இருக்கட்டும். அப்படியும் நழுவினாலோ, ஷாங்கில் கறுத்த வளையம் விழுந்தாலோ கோலெட் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். பிட் இல்லாமல் நட்டை இறுக்கும் பழக்கமும் கோலெட்டைக் கெடுக்கும்.

ஒரே மூச்சில் ஆழமாக வெட்டுவதாலும் இது வரும். கால் அங்குல ஷாங்கில் ஒரு தடவைக்கு 3 மி.மீ., அரை அங்குலத்தில் 6 மி.மீ. போதும்.

கேள்வி: மரத்தை எந்தப் பக்கமாகத் தள்ளுவது?

பதில்: பிட் சுழலும் திசைக்கு எதிராக. ஃபென்ஸ் (மரத்தை ஒட்டித் தள்ளும் நேர்த் தடுப்பு) பிட்டுக்குப் பின்னால் இருக்க, டேபிளில் வலமிருந்து இடம். கையில் ஓட்டினால் பலகையின் வெளி விளிம்பில் இடஞ்சுழியாக, ஜன்னல் போன்ற உள்விளிம்பில் வலஞ்சுழியாக. மாறிப் போனால் பிட்டே மரத்தைப் பற்றி இழுத்துக்கொள்ளும். ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் நடுவே மரத்தை நுழைக்கவே கூடாது. கையிலிருந்து பிடுங்கி எறியும்.

கேள்வி: நான்கு பக்கமும் விளிம்பு வெட்டினால் மூலையில் சிம்பு பெயர்கிறது.

பதில்: நாருக்குக் குறுக்கான இரு பக்கங்களை முதலில் வெட்டுங்கள், நார் ஓடும் நீளப் பக்கங்களைப் பிறகு. முதலில் பெயரும் சிம்பைப் பின்னால் வரும் வெட்டு எடுத்துவிடும். குறுக்குப் பக்கங்கள் மட்டும்தான் வெட்ட வேண்டுமென்றால், பிட் வெளியேறும் ஓரத்தில் வீண் கட்டை ஒன்றை ஒட்டி வைத்து இரண்டையும் சேர்த்துத் தள்ளுங்கள்.