வாசகர் கேள்வி பதில்: அசிட்ரோமும் ஐ.என்.ஆரும்

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு 61 வயது. இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் கட்டாமலிருக்கத் தினம் இரவு அசிட்ரோம் 2 மி.கி. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். போன மாதம் 1.9 வந்தது. குறைந்துவிட்டதே என்று நாங்களே தினம் 3 மி.கி. ஆக்கினோம். பத்தாம் நாள் பார்த்தால் 4.8. கீரையால்தான் இவ்வளவும், இனிமேல் தொடவே கூடாது என்கிறார்கள் பக்கத்து வீட்டில். உண்மையா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில் 4.8-ஐப் பாருங்கள். இதைப் படித்ததும் இதய மருத்துவருக்குப் போன் செய்துவிடுங்கள். ரத்தக் கசிவு எதுவும் இல்லையென்றால், பெரும்பாலும் ஒரு வேளை மாத்திரையை நிறுத்தி, அளவைக் குறைத்து, சில நாளில் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்வார்கள். தார் போலக் கறுத்த மலம், நிற்காத மூக்கு ரத்தம், திடீரென்று கடும் தலைவலி, ஒரு பக்கக் கை கால் சோர்வு, இதில் ஒன்று இருந்தாலும் போன் வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். யாரோ சொன்னார்கள் என்று வைட்டமின் கே ஊசி மட்டும் போட்டுவிடாதீர்கள். ஐ.என்.ஆர். சட்டென்று சரிந்தால் உலோக வால்விலேயே ரத்தக்கட்டி உட்கார்ந்துவிடும்.

உலோக மைட்ரல் வால்வுக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். 1.9 குறைவுதான். ஆனால் நீங்கள் செய்த திருத்தம் அதைவிடப் பெரிது. இந்த மாத்திரையை நாள் கணக்கில் பார்க்கக்கூடாது, வாரக் கணக்கில் பார்க்க வேண்டும். தினம் 2 என்றால் வாரத்துக்கு 14 மி.கி. தினம் 3 என்றால் 21. ஒரே தாவலில் பாதிக்குப் பாதி கூட்டிவிட்டீர்கள். மருத்துவர்கள் வாரக் கணக்கில் 5 முதல் 20 சதவீதம்தான் ஏற்றி இறக்குவார்கள். ஞாயிறும் வியாழனும் இரண்டரை, மற்ற ஐந்து நாளும் 2 என்றால் வாரத்துக்கு 15 மி.கி.; ஏற்றம் ஏழு சதவீதம். இப்படித்தான் நகர்த்த வேண்டும், அதுவும் அவர்கள் சொல்லி. இன்று போட்ட மாத்திரை நாளைக்கே முழுசாகத் தெரியாது. ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் உறைகாரணிகள், அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்கள், தீர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அளவு மாறினால் ஒரு வாரம் கழித்து ஐ.என்.ஆர். பார்ப்பது அதனால்தான்.

அளவைத் தொடுவதற்கு முன், 1.9 ஏன் வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். அந்த வாரம் ஒரு வேளை விட்டுப்போனதா? மருந்துக்கடையில் 2-க்குப் பதில் 1 மி.கி. அட்டையைக் கொடுத்துவிட்டார்களா? அட்டையில் உள்ள எண்ணை ஒவ்வொரு முறையும் வாசித்துப் பாருங்கள். 1, 2, 3, 4 என்று பல அளவில் வருகிறது. மாத்திரை மறந்து அன்றிரவே நினைவு வந்தால் போட்டுவிடலாம். மறுநாள் நினைவு வந்தால் விட்டது விட்டதுதான், இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது.

இனிக் கீரை. பக்கத்து வீட்டுக் கணக்கு தலைகீழ். ரத்தம் உறையத் தேவையான சில பொருள்களைக் கல்லீரல் வைட்டமின் கே வைத்துத்தான் செய்கிறது. அசிட்ரோம் அந்த வேலையைத் தடுக்கிறது. கீரை கூடினால் ஐ.என்.ஆர். இறங்கும், கீரையை நிறுத்தினால் ஏறும். புரட்டாசி முழுக்கக் கவுச்சி இல்லாமல் நாலு நாளைக்கு ஒரு தரம் முருங்கைக்கீரை வதக்கல், நடுவே கீரை மண்டி என்று போயிருந்தால் 1.9 வருவதில் வியப்பில்லை. ஐப்பசியில் கறிக்குழம்புக்குத் திரும்பியதும் அது தானாகவே ஏறியிருக்கும். அதன்மேல் 3 மி.கி.யும் சேர்ந்தால் 4.8. வாரம் இரண்டு நாள், ஆளுக்கு ஒரு சிறு கிண்ணம் என்று வைத்துக்கொண்டு அதை மாற்றாதீர்கள். அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்ற மாத்திரை அளவை மருத்துவர் பார்த்துக்கொள்வார். முருங்கைக்காய் வேறு, கீரை வேறு. காயைப் பற்றிக் கவலை வேண்டாம். குழம்பில் போடும் பூண்டு, மிளகு, மஞ்சளும் பிரச்சினை இல்லை. பூண்டு, மஞ்சள் மாத்திரைகளாக விற்பதுதான் வேண்டாம்.

கேள்வி: ஒரே நாளில் காரைக்குடியில் இரண்டு பரிசோதனைக் கூடங்களில் ஐ.என்.ஆருக்கு ரத்தம் கொடுத்தேன். ஒன்றில் 2.2, மற்றதில் 2.7. எதை நம்புவது?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: ஐ.என்.ஆர். நேராக அளக்கும் எண் அல்ல, கணக்குப் போட்டு வருவது. உங்கள் ரத்தம் உறைந்த விநாடியைச் சாதாரண ஆளின் சராசரி விநாடியால் வகுத்து, வரும் விகிதத்தை ஐ.எஸ்.ஐ. என்ற எண்ணின் அடுக்குக்கு உயர்த்துவார்கள். ஐ.எஸ்.ஐ. என்பது சோதனை மருந்துப் பாட்டிலோடு வரும் எண். பாட்டில் மாறினால் அதுவும் மாறும். உங்களுக்கு 28 விநாடி, சராசரி 13 என்று வையுங்கள். ஐ.எஸ்.ஐ. 1.0 என்றால் விடை 2.15. அதே 28 விநாடிக்கு 1.3 என்று போட்டால் 2.7. புதுப் பாட்டில் வந்த பிறகும் இயந்திரத்தில் பழைய எண்ணே கிடந்தால் இப்படித்தான் தவறும். ரிப்போர்ட்டில் விநாடி, கன்ட்ரோல் (சாதாரண ஆளின் சராசரி விநாடி), ஐ.எஸ்.ஐ. மூன்றும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள்.

குழாயையும் கவனியுங்கள். நீல மூடிக் குழாய், அதில் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் இருக்கும் 0.3 மில்லி சிட்ரேட்டுக்கு 2.7 மில்லி ரத்தம், ஒன்றுக்கு ஒன்பது. நரம்பு சரியாகக் கிடைக்காமல் பாதியில் நிறுத்திவிட்டால் சிட்ரேட் மிஞ்சி, சோதனையில் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். ரத்தம் உறையத் தாமதமாகி, ஐ.என்.ஆர். ஏறாமலே ஏறியது போலத் தெரியும். பாதிக் குழாயோடு ஓட்டம் காட்டுபவரிடம் "இன்னொரு தரம் எடுங்கள்" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

ஒரே கூடத்தில் தொடர்ந்து பாருங்கள். சின்ன வித்தியாசத்துக்கு மாத்திரையை மாற்றாதீர்கள்.

கேள்வி: தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறோம். அசிட்ரோம் போடும் நான் போகலாமா?
- வாசகர், கோட்டையூர்

பதில்: இதயம் தாங்குமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் சரி என்றால், வழியில் கவனம் வலி மருந்தில் இருக்கட்டும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் மூன்றும் வயிற்றைப் புண்ணாக்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் மந்தப்படுத்தும். அசிட்ரோமோடு சேர்ந்தால் குடலில் ரத்தம் கசியும். பாராசிட்டமால் 500 மி.கி., ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் போகாமல் பாருங்கள். நாள் கணக்கில் தொடர்ந்தால் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும். பலரும் அறியாதது தைலம். வின்டர்கிரீன் எண்ணெய் சேர்ந்த வலித் தைலத்தை இரு காலிலும் தினமும் அழுத்தித் தேய்த்தால் தோல் வழியே உள்ளே போய் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். இரவு தங்கலில் பக்கத்தில் படுத்திருப்பவர் பாசத்தோடு நீட்டுவார், வாங்காதீர்கள். வெந்நீர் ஒத்தடம் போதும்.

வழியில் வயிற்றுப்போக்கு வந்தால் மெட்ரோனிடசோல் கலந்த மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ஐ.என்.ஆரைத் தூக்கிவிடும் மருந்துகளில் அதுவும் ஒன்று. சாப்பாடும் இறங்காத நாளில் இன்னும் வேகமாக ஏறும். உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

அசிட்ரோமை இரண்டு பையில் பிரித்து வையுங்கள், ஒரு பை தவறினாலும் மற்றது இருக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னும் திரும்பியதும் ஐ.என்.ஆர். பாருங்கள். இருட்டில் விழுந்து தலை அடிபட்டால், வீக்கம் இல்லாவிட்டாலும் நடையை அங்கேயே நிறுத்தி ஸ்கேன் எடுங்கள்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரை வந்திருக்கிறதாமே, மாறிக்கொள்ளலாமா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: டாபிகட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் வகைகளைச் சொல்கிறீர்கள். இதயத் துடிப்பு ஒழுங்கின்மைக்கும் கால் ரத்தக்குழாயில் உட்காரும் ரத்தக்கட்டிக்கும் நல்ல மருந்துகள். உலோக வால்வு உள்ளவர்களுக்கு ஆகாது. டாபிகட்ரானை வைத்து முயன்ற ஆய்வில் பக்கவாதமும் ரத்தக் கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கி, துடிப்பும் தவறுகிறவர்களுக்கும் 2022-இல் வந்த பெரிய ஆய்வில் அசிட்ரோம் போன்ற பழைய வகை மாத்திரையே ரிவரோக்ஸபானை விட நல்ல பலன் தந்தது. உங்களுக்கு எந்த நோய்க்காக மாத்திரை தொடங்கினார்கள் என்று பழைய சீட்டைப் பார்த்து எழுதுங்கள்.