பழமையான லூத்தரன் தேவாலயத்தைச் சுற்றுலாப் பயணியாகப் பார்க்கலாமா?

லூத்தரன் சபையைச் சேராத ஒருவர் அதன் பழமையான தேவாலயத்துக்குள் செல்லலாமா, அங்கே எதைக் கவனிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செல்லலாம், ஆராதனை வேளையில் மட்டும் சுற்றிப் பார்ப்பதையும் படமெடுப்பதையும் தவிர்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரிலுள்ள கோட்டைத் தேவாலயத்தில், 1517இல், இச்சபை உருவாகக் காரணமான சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்த தம் 95 கருத்துரைகளை அறைந்ததாகச் சொல்லப்படும் மரக்கதவு 1760இல் போரின்போது எரிந்துவிட்டதால், இன்று பயணிகள் படமெடுக்கும் வெண்கலக் கதவு 1858இல் பொருத்தப்பட்டதுதான். (பலருக்கு இது சற்று ஏமாற்றமே.) கதவோடு திரும்பிவிடாமல், உள்ளே பிரசங்க மேடையருகே இருக்கும் லூத்தரின் கல்லறையையும் பாருங்கள். ஆனால் அவர் வழக்கமாகப் பிரசங்கித்தது அதே ஊரின் புனித மரியாள் தேவாலயத்தில். அங்குள்ள, ஓவியர் கிரானாக்கின் பலிபீட ஓவியத்தின் அடிப்பகுதியில், சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவைச் சுட்டிக்காட்டியபடி அவர் மக்களுக்குப் பிரசங்கிக்கும் காட்சி, கல்லறையைவிட அவரை நமக்கு நெருக்கமாக்குகிறது.