எட்டில் முடியும் ஆண்டுகள்

வணக்கம் சார்,

கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்துகிறேன். இந்த முறை செக் நாட்டுக்கு இரண்டு வகுப்புகள் கிடைத்திருக்கின்றன. 1918, 1938, 1948, 1968, 1989 என்று வரிசையாகச் சொன்னால், ‘பாவம், சின்ன நாடு, ஆளாளுக்கு மிதித்திருக்கிறார்கள்’ என்பதோடு மாணவர்கள் நின்றுவிடுகிறார்கள். அதைத் தாண்டிக் கொண்டுபோவது எப்படி? ப்ராகில் சோவியத் தளபதி மார்ஷல் கோனெவ் சிலையை எடுத்தது சரியா என்று கேட்டால் என்ன சொல்வது?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் மாணவர்கள் நிற்கும் இடத்தில்தான் செக் மக்களின் பொது நினைவும் வெகுகாலம் நின்றது. ‘விதியின் எட்டுகள்’ என்றே அங்கே சொல்வார்கள். 1918இல் குடியரசு, 1938இல் நாட்டின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்குக் கொடுத்த மியூனிக் ஒப்பந்தம், 1948இல் கம்யூனிஸ்ட் ஆட்சி, 1968இல் சோவியத் தலைமையில் நாட்டுக்குள் புகுந்த வார்சா ஒப்பந்தப் படைகள். முதலாவதைத் தவிர எல்லாமே வெளியிலிருந்து விழுந்த அடி போலத் தெரியும். ஆனால் 1948ஐ அந்தக் கணக்கில் மட்டும் சேர்க்க முடியாது. 1946 தேர்தலில் செக் பகுதிகளில் சுமார் 40 சதவீத வாக்குகள் கம்யூனிஸ்ட் கட்சிக்கு விழுந்தன. 1948 என்று எழுதும் முன் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். கேள்விகள் தானாக வரும்.

முதல் வகுப்பு முழுவதையும் கோனெவுக்கே கொடுங்கள். 1945இல் ப்ராகுக்குள் வந்த சோவியத் செம்படையின் தளபதி அவர். முதலில், 1945 மே மாதம் ப்ராக் மக்கள் செம்படையைப் பூக்களோடு வரவேற்கும் புகைப்படம். ஆண்டைச் சொல்லாமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். அடுத்தது, 1980இல் ப்ராக் 6 பகுதியில் வைத்த சிலை. அப்போது சோவியத் படை நாட்டுக்குள் புகுந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறகு, 2018இல் உள்ளாட்சி நிர்வாகம் சேர்த்த விளக்கப் பலகை. 1956 ஹங்கேரி எழுச்சியை நசுக்கியதிலும் 1968 படையெடுப்புக்கான ஆயத்தத்திலும் கோனெவுக்கு இருந்த பங்கை அது சொன்னது. கடைசியாக, 2020 ஏப்ரல் 3 அன்று சிலையை இறக்கிய படம்.

வகுப்பு கைநழுவுவது பெரும்பாலும் மூன்றாவது படியில்தான். சிலை பொய், பலகை உண்மை என்று மாணவர்கள் சட்டென்று முடிவுகட்டிவிடுவார்கள். இரண்டுமே அந்தந்தக் காலத்தின் ஆவணங்கள். யார் வைத்தார்கள், எப்போது, எதை விட்டார்கள் என்ற மூன்று கேள்விகளை இரண்டிடமும் கேட்க வைக்க வேண்டும். செம்படை ப்ராகுக்குள் வந்தது மே 9. நகர மக்கள் மே 5ஆம் தேதியே ஜெர்மானியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்துவிட்டார்கள். மாணவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சிலையைப் பார்த்தால், அது யாரை முன்னிறுத்துகிறது என்பது புரியும். அதே சமயம், செக் மண்ணை மீட்கும் போரில் உயிர்விட்ட சோவியத் வீரர்களையும் மறக்க விடாதீர்கள்.

இரண்டாவது வகுப்பில் எட்டுகளுக்கு வெளியே போங்கள். லெட்டி என்ற ஊரில், ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களை அடைத்துவைத்த முகாம் இருந்தது. 1942, 43இல் அங்கே 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலரை நாஜிகளின் ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்கு ஏற்றி அனுப்பினார்கள். ஆக்கிரமித்தவர்கள் ஜெர்மானியர், காவல் நின்றவர்கள் செக் போலீஸார். 1970களில் அந்த இடத்தில் பன்றிப் பண்ணை வந்தது. அதை இடித்தது 2022இல்தான். எழுபதுகளின் ஆட்சியை மட்டும் குறைசொல்லித் தப்ப முடியாது. 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்த பிறகும் 30 ஆண்டுகளுக்கு மேல் பண்ணைக் கட்டடங்கள் அங்கேயே நின்றன. என்னைக் கேட்டால், இந்தப் பாடத்தில் விடவே கூடாத பகுதி இது.

போருக்குப் பின் அந்த நாட்டில் வாழ்ந்த சுமார் 30 லட்சம் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டதற்கும் நேரம் ஒதுக்குங்கள். இறந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று ஜெர்மனியில் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். இரு நாட்டு வரலாற்றாசிரியர்களின் கூட்டுக்குழு 1996இல் சொன்னது 15,000 முதல் 30,000 வரை. ஏன் இவ்வளவு வித்தியாசம்? பெரிய எண், மக்கள்தொகைக் கணக்கைக் கழித்துப் பார்த்து வந்தது. தகவல் தெரியாதவர்களும் அதில் இறந்தவர்களாகச் சேர்ந்துவிட்டார்கள். சிறிய எண், ஆவணங்களில் உறுதிப்பட்ட மரணங்களை ஆதாரமாகக் கொண்டது. இதை விளக்காமல் ஒரே எண்ணைக் கொடுத்தால், வகுப்பு ஏதோ ஒரு தரப்பின் வக்கீலாகிவிடும். 1938 முதல் 1945 வரை நடந்த ஆக்கிரமிப்பை இதற்கு முன்பே நடத்திவிடுங்கள், ஆனால் அதை நியாயமாக்கிவிடாதீர்கள். பின்னணி வேறு, நியாயம் வேறு.

சிலையை எடுத்தது சரியா என்பதற்கு என் பதில்: பலகையோடு அங்கேயே விட்டிருக்கலாம். மாணவர்களிடம் இதை முதலில் சொல்லாதீர்கள். ஆளுக்கு 40 சொற்களில் அந்தச் சிலைக்கு ஒரு புதுப் பலகை எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, எது விடுபட்டிருக்கிறது என்று கீழே குறிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு கை தூக்கச் சொல்லி வாக்கெடுக்கலாம்.