ரசம் வைக்கிற ஈயம் விஷமா? - கேளுங்க சொல்றோம்

கேள்வி: மாமியார் குடுத்த ஈயச் சொம்புலதான் இருபது வருஷமா ரசம் வைக்கிறேன். காலேஜ் படிக்கிற பையன் 'ஈயம்னா லெட், விஷம்மா, தூக்கிப் போடு'ன்னு தினம் சண்டை. என்ன பண்ணட்டும்? (கும்பகோணம் வாசகி)

தூக்கிப் போட்டுடாதீங்கம்மா, பழைய விலைக்குப் போட்டாலே நல்ல காசு வரும்! பையன் மேலயும் தப்பு இல்ல, நாமதான் ரெண்டு உலோகத்துக்கும் ஈயம்னே பேர் வச்சிட்டோம். வெள்ளீயம்னா டின், காரீயம்னா லெட். ரசச் சொம்பு வெள்ளீயத்துல செய்யறது, பித்தளைப் பாத்திரத்தை நெருப்புல காட்டி நவச்சாரம் தூவி பஞ்சால ஒரு இழு இழுப்பாங்களே, அங்க வெள்ளி மாதிரி ஓடி ஒட்டுறதும் அதேதான். ரெண்டும் கார்பன் குடும்பம், கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம், டின், லெட்னு ஒரே வரிசையில மேலேர்ந்து கீழ வரும், எல்லாத்துக்கும் வெளிக்கூட்டுல நாலு எலக்ட்ரான். ஆனா குணம் வேற. சாப்பாட்டு வழியா கொஞ்சம் டின் போனா உடம்பு பெரும்பாலும் வெளிய தள்ளிடும், லெட் அப்படி இல்ல, கால்சியம் மாதிரி வேஷம் போட்டு எலும்புக்குள்ள போய் வருஷக்கணக்கா உக்காந்துக்கும், குழந்தைங்க மூளைக்கு ரொம்பக் கெடுதல்.

பயப்பட வேண்டியது கலப்படத்துக்குத்தான். டின் விலை லெட்டை விட பல மடங்கு, அதனால கலக்க ஆசை வரும், புளித் தண்ணி வேற லெட்டைக் கரைச்சு இழுத்துக்கும். வெள்ளைப் பேப்பர்ல சொம்பைத் தேய்ச்சுப் பாருங்க, பென்சில் மாதிரி கருப்பா கோடு விழுந்தா சந்தேகப்படுங்க, விழலைன்னாலும் சுத்தம்னு சத்தியம் பண்ண முடியாது, லேப்ல குடுத்துப் பாக்கறதுதான் உறுதி. அதுவரைக்கும் ரசத்தை எவர்சில்வர்லயே வச்சுக்கோங்க. அப்புறம் வெறும் சொம்பை மட்டும் அடுப்புல வச்சிடாதீங்க, டின் 232 டிகிரியிலேயே உருகிடும், உள்ள தண்ணி இருக்கிற வரைக்கும் சூடு நூறைத் தாண்டாது, தண்ணி இல்லைன்னா போன் பேசி முடிக்கறதுக்குள்ள அடி ஒழுகிடும் (எங்க வீட்ல ஒழுகியிருக்கு, யார் பேசினாங்கன்னு சொல்ல மாட்டேன்).

கேள்வி: கார்பனும் சிலிக்கானும் ஒரே குடும்பம்னா, கார்பன் டை ஆக்சைடு மட்டும் காத்தாவும் சிலிக்கான் டை ஆக்சைடு மணலாவும் இருக்கே, ஏன்? (பிளஸ் டூ மாணவர், மதுரை)

அருமையான கேள்வி தம்பி. கார்பன் அணு சின்னது, ஆக்சிஜனை நெருங்கி இரட்டைப் பிணைப்பு போட்டுக்கும், அதோட வேலை முடிஞ்சுது, ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியா பறக்கும். சிலிக்கான் பெருசு, இரட்டைப் பிணைப்பு அதுக்குச் சரியா அமையாது, அதனால நாலு பக்கமும் ஒத்தைப் பிணைப்பா நாலு ஆக்சிஜனைப் பிடிக்கும், அந்த ஆக்சிஜன் ஒவ்வொண்ணும் பக்கத்துல இருக்கிற இன்னொரு சிலிக்கானைப் பிடிக்கும், இப்படியே ஒரு மணல் துகள் முழுக்க ஒரே வலை. அதை உருக்க ஆயிரத்து எழுநூறு டிகிரி கிட்ட வேணும், உலர் பனிக்கட்டியோ (அதாவது உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு) மைனஸ் 78லயே ஆவியாயிடும்.

கேள்வி: பென்சில்ல லெட் இருக்கா? பொண்ணு நுனியைக் கடிச்சுக்கிட்டே இருக்கா. (திருச்சி வாசகர்)

இல்லைங்க, கிராஃபைட்டும் களிமண்ணும்தான். இங்கிலாந்துல பாரோடேல்ங்கற இடத்துல 1500கள்ல கிராஃபைட் கிடைச்சப்போ கருப்பா இருக்கேன்னு லெட் வகைன்னு நினைச்சுட்டாங்க, அது கார்பன்தான்னு 1779ல ஷீலேங்கற வேதியியல் விஞ்ஞானி காட்டினாரு, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. மேல அடிச்சிருக்கிற பெயிண்டை அவ கடிச்சு முழுங்காம பாத்துக்கோங்க.